காத்தாயி வாங்கிய மேல் பெர்த்

நல்லூர்க்கட்டளைக் கீழத்தெருவில் போய்க் காத்தாயி வீடு எது என்று கேட்டால், எந்தக் காத்தாயி என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயரில் அங்கே நாலு பேர். தோள் சாய்ந்த காத்தாயி என்று சொன்னால் நேரே வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். அவளுடைய இடது தோள் வலதைவிட இரண்டு விரல் தாழ்ந்திருக்கும். பிறவிக் குறை இல்லை அது. அது வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஐம்பத்து நாலு வயதில் அவள் கப்பலில் பிடித்த பிடிவாதம் வெறும் கொழுப்பு என்றுதான் தோன்றும்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வரப்பில் மிராசுதார் எதிரே வந்தால் பண்ணையாள் சேற்றில் இறங்கி நிற்க வேண்டும். தலையில் நாற்றுக்கட்டு இருந்தாலும் சரி, இடுப்பில் பிள்ளை இருந்தாலும் சரி, அவர் தாண்டிப் போன பிறகுதான் மேலே ஏறலாம். இரண்டு பேர் ஒதுங்கிப் போக வரப்பில் இடமில்லையா என்று கேட்காதீர்கள். மாட்டு வண்டியே போகிற வரப்பு அது. காத்தாயி ஏழு வயதில் இறங்கக் கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் இறங்கினாள்.

உதயசூரியன் கோட்டைக்குப் போன மறு வருஷம், அறுப்புக் கூலியில் அரை மரக்கால் கூட்டிக் கேட்டுச் செங்கொடிச் சங்கம் ஊர் ஊராய்க் கூட்டம் போட்டது. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். எந்த மதகடியில் பார்த்தாலும் போலீஸ் லாரி நின்றது. கீழத்தெருக் கூட்டத்தில், இனி யாரும் வரப்பைவிட்டு இறங்கக்கூடாது என்று பேசியவர் சொன்னார். தெருவே கை தட்டியது. மறுநாள் இறங்காமல் நின்றவள் காத்தாயி ஒருத்திதான்.

தலையில் கதிர்க்கட்டு. எதிரே மிராசுதார், அவருக்குப் பின்னால் அவருடைய நிலபுலத்தைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர். "எறங்குடி" என்றார் காரியக்காரர். "எடம் கெடக்குதுங்க, தாண்டிப் போங்க" என்றாள் காத்தாயி. காரியக்காரர் கைத்தடியால் அவள் நெஞ்சில் ஒரு நெட்டு நெட்டினார். கட்டோடு விழுந்ததில் தோள் எலும்பு முறிந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டி மூன்று மாதம் கிடந்தாள். நாலாவது மாதம் அதே வரப்பில் நடந்து போனாள். மிராசுதார் அந்த வருஷம் ஜீப் வாங்கிக்கொண்டார், ரோட்டு வழியாகவே வயலைப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு புருஷன் ஐயாவு மஞ்சள்காமாலையில் போய்ச்சேர்ந்தான். பிள்ளை குட்டி கிடையாது. குடியிருந்த மனை குடியிருந்தவருக்கே என்று சட்டம் வந்து, தாசில்தார் ஆபீசுக்கு ஏழு தடவை நடந்து, தன் மூன்று குழி மனைக்குப் பட்டா வாங்கினாள். மனை சொந்தமானதும் கூரையைப் பிரித்து ஓடு போட்டுவிட வேண்டும் என்று ஆசை வந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி முந்நூற்றைம்பது ரூபாய் சேர்த்தாள். ஐப்பசி மழையில் சட்டி பானையெல்லாம் வைத்து ஒழுகலைப் பிடிக்கிற பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் பினாங்கிலிருந்து தம்பி மருதையன் கடிதம் போட்டான். பதினாலு வயதில் மாமனோடு ரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பலேறியவன். அக்கா முகத்தைப் பார்த்து முப்பத்தாறு வருஷம் ஆகிவிட்டது. மகள் கல்யாணத்துக்கு நீ வந்தே ஆகவேண்டும் என்று எழுதி, போகிற டெக் டிக்கெட்டுக்குப் பணமும் அனுப்பியிருந்தான். பாஸ்போர்ட்டுக்கு எட்டு மாதம் அலைந்தாள். வைகாசியில் வயல் காய்ந்து வேலையில்லாமல் கிடக்கிற நாளில், நாகப்பட்டினம் கப்பல் ஆபீசுக்குப் போனாள்.

அங்கே டிக்கெட் எழுதுகிறவர் இளையபெருமாள். "உக்காருங்கம்மா" என்றார். ஆபீஸ் என்று போன இடத்தில் நாற்காலியைக் காட்டிய முதல் ஆள் அவர்தான். டெக் என்றால் கப்பலின் திறந்த தளம், பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம், மேலே கித்தான் கட்டியிருக்கும், ஆறு நாள் பயணம் என்று சொன்னார். பக்கத்துப் பலகையில் கேபின் என்று பெரிதாய் எழுதியிருந்ததைக் காட்டி, அது என்ன என்று கேட்டாள் காத்தாயி.

"அது தனி ரூமுங்கம்மா. கூட முந்நூத்தி நாப்பது ரூபா கட்டணும். ஒங்களுக்கு எதுக்கு?"

"எதுக்குன்னு நான் சொல்றேன். என்ன என்ன தருவாங்கன்னு நீங்க சொல்லுங்க."

அவர் விரலை மடக்கினார். மெத்தை போட்ட கட்டில். மெத்தையில் படுத்தால் முதுகு நோகும் என்றாள். காற்றாடி. நடுக்கடலில் காற்றுக்கா பஞ்சம் என்றாள். மேஜையில் உட்காரவைத்துச் சாப்பாடு. மண்ணில் உட்கார்ந்தாலும் அதே வயிறுதான் என்றாள். ரெண்டு பேருக்கு ஒரு குளியலறை. அதில் மட்டும் ஒரு நொடி யோசித்தாள், பிறகு ஆறு நாள்தானே என்று தள்ளிவிட்டாள். இளையபெருமாள் சிரித்துவிட்டார். "ஒங்களுக்கு டெக்கே போதும்மா. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. கேபின்காரங்க நடமாடுற எடத்துக்குக் குறுக்க ஒரு கயிறு கட்டியிருக்கும். அதத் தாண்டி மேல போயிடாதீங்க."

"போனா?"

"எறக்கி விட்டுருவாங்க."

காத்தாயி நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

நாத்தனார் ரெங்கம்மாளிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் குதியாய்க் குதித்தாள். இரண்டு பேரும் ஒரே நடவுக் கோஷ்டி, ஒரே கூரை ஒழுகலைப் பார்த்தவர்கள்.

"ஒனக்குப் பித்தம் தலைக்கேறிப் போச்சா அண்ணி? ஆறு நாள் படுக்கறதுக்கு ஓடு போடற காசையா குடுப்பாங்க? ஐப்பசியில ஊத்தும்போது அந்த மெத்தையக் கொண்டாந்து தலைக்கு மேல புடிக்கப் போறியா?"

"மெத்தை யாருக்குடி வேணும்?"

"பின்ன எதுக்கு?"

"கயிறு கட்டி வெச்சிருக்கானாம். தாண்டுனா எறக்கி விடுவானாம். எறங்கி எறங்கி நின்னது போதும் ரெங்கம். அந்தக் கயித்துக்கு மேல ஒரு தடவை நான் இருந்து பாக்கணும். யாரும் எறங்குன்னு சொல்ல முடியாத எடத்துல."

"நல்லாருக்கு நாயம்! ஊரு சிரிக்கப் போவுது."

"சிரிக்கட்டும். அன்னைக்கிக் கூட்டத்துல நீயுந்தான் கை தட்டுன."

ரெங்கம்மாளுக்குச் சுருக்கென்றது. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். போனவள் சாயங்காலம் ஒரு டப்பா எலுமிச்சை ஊறுகாயோடு வந்து, கப்பலில் குமட்டினால் தொட்டுக்கொள் என்று வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே திரும்பினாள்.

மறுநாள் பணத்தை மேஜைமேல் வைத்தாள் காத்தாயி. இளையபெருமாள் அவளுடைய தோளைப் பார்த்தார், பிறகு பேரேட்டைப் பார்த்தார். "பொம்பளைங்க கேபின்ல ஒரே எடந்தாம்மா இருக்கு. அதுவும் மேல் பெர்த்து. ஏணியில ஏறணும். கீழ் பெர்த்து ஏற்கெனவே ஒரு அம்மாவுக்குப் போயிடுச்சு."

"ஏறுறது எம் பாடு. அங்கேருந்து யாரும் எறக்கமாட்டாங்கள்ல?"

"நம்பர் போட்டுத் தரேன். கேப்டனே வந்தாலும் எறக்க முடியாது."

டிக்கெட்டை நாலாய் மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். வீட்டுக் கூரை அப்படியே இருந்தது.

கப்பல் கரைக்கு வராது, ஆழத்தில் நிற்கும். படகில் போய் ஏணி பிடித்து ஏறினாள். மூஸா என்ற சிப்பந்தி, அதிராம்பட்டினத்துக்காரன், அவளுடைய தகரப்பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். தன் பெட்டியை இன்னொருவர் தூக்கிப் போகக் கையை வீசிக்கொண்டு நடப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கயிறு கட்டிய இடம் வந்தது. மூஸா கயிற்றை அவிழ்த்து ஒதுங்கி நின்றான். தாண்டினாள்.

கேபின் கதவைத் திறந்தால், கீழ்க்கட்டிலில் வெற்றிலைப் பெட்டியும் வெள்ளிச் சொம்புமாய் உட்கார்ந்திருந்தவள் நீலாயதாட்சி ஆச்சி. நல்லூர்க்கட்டளை மிராசுதாருடைய சம்சாரம். மகள் பினாங்கில் டாக்டருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள், அந்தப் பிரசவத்துக்குத்தான் ஆச்சி போகிறாள். காத்தாயியைப் பார்த்ததும் ஆச்சிக்கு முகம் மலர்ந்துபோயிற்று.

"வாடி காத்தாயி! ஐயா அனுப்பிச்சாரா ஒத்தாசைக்கு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு. இந்தா, மொதல்ல அந்தச் சன்னல் பக்கம் தொடச்சு விடு."

எப்படி இருக்கிறது பாருங்கள்! கப்பலில் காத்தாயி நின்றால் வேலைக்காரியாகத்தான் நிற்க முடியும் என்று ஆச்சி முடிவே கட்டியிருந்தாள். சந்தேகம்கூட வரவில்லை.

"ஐயா அனுப்பலீங்க ஆச்சி. எனக்கும் இந்த ரூமுதான். மேல் கட்டிலு."

ஆச்சி முதலில் சிரித்தாள். டிக்கெட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மூஸாவைக் கூப்பிட்டாள். அவன் எண்ணைப் பார்த்துவிட்டு, "சரிதாம்மா. கீழ நீங்க, மேல அவங்க" என்றான்.

"அவங்களா? எந் தலைக்கு மேல இவ காலை நீட்டிப் படுப்பாளா?"

"அப்ப நீங்க மேல மாறிக்கறீங்களாம்மா?"

"எம் முழங்காலுக்கு ஏணி ஏறுவனா? வேற ரூமு குடு."

மூஸா அதிகாரியிடம் கேட்டு வந்தான். கப்பல் நிறைந்துவிட்டது, ஒரு கட்டில்கூட மிச்சமில்லை என்றான். ஆச்சி கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றாள். பிறகு குரல் தேனாகிவிட்டது.

"இங்க பாரு காத்தாயி. நீ நல்லவளாச்சே. கூட எவ்வளவு கட்டுன? முந்நூத்தி நாப்பதா? நான் ஐந்நூறு தரேன். இப்பவே கையில தரேன். ஓடு போடணும்னு சொல்லிட்டிருந்தியாமே, நல்லாப் போட்டுக்க. கீழ எறங்கி டெக்குல படுத்துக்க. ஒனக்கென்ன, பழக்கந்தானே."

பொய் சொல்வானேன், காத்தாயிக்கு மனசு ஆடித்தான் போயிற்று. ஐந்நூறு! ஓடு, கைமரம், முன்வாசலுக்குப் புதுக் கதவு, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. ரெங்கம்மாள் வாயடைத்து நிற்பதுகூடத் தெரிந்தது. டெக்கிலும் அதே கடல்தான், அதே பினாங்குதான். மெத்தை வேண்டுமென்றா வந்தாள்? நோட்டை வாங்கிக்கொண்டு போனால் யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் ஆச்சி 'எறங்கி' என்று சொன்ன கணத்தில் முறிந்த எலும்பு விண்ணென்று தெறித்தது.

"எறங்க மாட்டேன் ஆச்சி."

"என்னடி சொன்ன?"

"எறங்க மாட்டேன்னேன். ஐந்நூறு இல்ல, அஞ்சாயிரம் குடுத்தாலும் இந்த ஏணியில ஏறத்தான் போறேன்."

"திரும்பி ஊருக்கு வரணுமில்ல? ஐயா மொகத்துல முழிக்கணுமில்ல?"

"வருவேன். மனை எம் பேருல பட்டா ஆயிடுச்சு. ஐயா வயல்ல வேலை குடுக்கலன்னா அடுத்த ஊரு வயல்ல நடுவேன். கையி எங்கிட்டதானே இருக்கு."

சொல்லிவிட்டு ஏணியைப் பிடித்தாள். இடது கை மேலே தூக்க வராது. ஒற்றைக் கையால் ஒவ்வொரு படியாய், பல்லைக் கடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு ஏறினாள். மேலே போய் உட்கார்ந்தபோது தலை கூரையில் இடித்தது. கீழே ஆச்சியின் உச்சி வகிடு தெரிந்தது. பிறந்த நாளிலிருந்து அவள் பார்த்திராத கோணம் அது.

ஆச்சி என்ன செய்தாள் தெரியுமா? எழுந்தாள். மூஸாவைக் கூப்பிட்டுத் தன் பெட்டி படுக்கையை டெக்குக்குக் கொண்டுபோகச் சொன்னாள். கேபினுக்கு முழுப் பணம் கட்டிய மிராசுதார் வீட்டம்மா, தானே கயிற்றைத் தாண்டிக் கீழே இறங்கிப் போனாள். டெக்கில் நானூறு பேர். தோட்டக்காட்டுக்குத் திரும்புகிறவர், கடை வைத்திருப்பவர், எந்தத் தெரு எந்தக் குடி என்று யார் நெற்றியிலும் எழுதியிருக்கவில்லை. அவர்கள் நடுவில் பாய் விரித்துப் படுத்தாள். தெரிந்த காத்தாயி ஒருத்திதான் தீட்டு, தெரியாத நானூறு பேரும் சுத்தம்! நல்ல கணக்கு இது.

காத்தாயிக்கு ஒரு முழு அறையும் வாய்த்தது. கீழ்க்கட்டில் காலியாகக் கிடந்தும் அவள் மேலேதான் ஏறினாள். தன் நம்பர் அதுதானே. மெத்தை அவள் சொன்னபடியே முதுகைக் கடித்தது. காற்றாடி கடகடவென்று சத்தம் போட்டது. குளியலறையில் குழாயைத் திருகினால் முதலில் துருதான் வந்தது. சாப்பாட்டில் உப்பில்லை. ரெங்கம்மாளின் ஊறுகாய் இருந்ததோ, பிழைத்தாள். ஆனால் முதல் வேளை மேஜையில் அவள் முன்னால் தட்டை வைத்து, "இன்னுங் கொஞ்சம் போடட்டுமாம்மா?" என்று மூஸா குனிந்து கேட்டபோது அழுதுவிட்டாள். பண்ணை வீட்டுக் கொல்லையில் கஞ்சியை எட்ட நின்று தூக்கி ஊற்ற, கையில் ஏந்திக் குடித்துத்தான் அவளுக்குப் பழக்கம். பாதி கையில் விழும், பாதி தரையில் போகும். "போதுங்க" என்று சொல்வதற்கே அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது.

நாலாம் நாள் காலை கடல் புரண்டது, மழையும் சேர்ந்துகொண்டது. காத்தாயி கயிற்றருகே வந்து கீழே எட்டிப் பார்த்தாள். கித்தான் கிழிந்து ஒரு பக்கம் தொங்கியது. ஆச்சி தெப்பலாய் நனைந்து, தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கை முழுக்கப் பச்சை குத்திய ஒருத்தி அவள் தலையைத் தாங்கிப் பிடித்துத் தன் குவளையை நீட்டினாள். ஆச்சி வாய் வைத்துக் குடித்தாள்.

நன்றாக வேண்டும் என்றுதான் காத்தாயி முதலில் நினைத்தாள். நினைத்ததற்கு அவள் வெட்கப்படவும் இல்லை. ஆனால் கட்டில் ஒன்று வெறுமனே கிடக்க ஒரு மனுஷி மழையில் கிடப்பது, இடைவெளி விட்டு நட்ட வயலைப் பார்ப்பதுபோல் அவள் கண்ணை உறுத்தியது. மூஸாவைக் கூட்டிக்கொண்டு கீழே போனாள்.

"ஆச்சி, உங்க கட்டிலு அப்படியே கெடக்கு. வந்து படுங்க. நான் மேலதான் படுப்பேன், அத இப்பவே சொல்லிப்புடறேன்."

ஆச்சி நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கத் தெம்பில்லை. ஒரு பக்கம் மூஸாவும் மறுபக்கம் காத்தாயியும் பிடித்துக்கொள்ள, அவள் அந்தத் தோளிலேயே சாய்ந்து நடந்தாள். அறைக்கு வந்து, உலர்ந்த புடவை மாற்றிக்கொண்டு, கீழ்க்கட்டிலில் படுத்தாள். காத்தாயி முனகிக்கொண்டே ஏணியில் ஏறினாள்.

"ஏறுறப்பல்லாம் அப்படி முனகுறியே. கையில என்ன?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அதட்டல் இல்லாத குரல்.

"கையில ஒண்ணுமில்ல ஆச்சி. தோளு. ஒங்க காரியக்காரரு வரப்புல எறங்கலன்னு நெட்டித் தள்ளுனாரே, அன்னைக்கி முறிஞ்சது. ஐயாவும் பக்கத்துலதான் நின்னாங்க."

ஆச்சி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது கட்டில் கிறீச்சிட்டதில் தெரிந்தது. மிச்சம் இரண்டு நாளும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் இறங்கு என்று ஆச்சி மறுபடி சொல்லவும் இல்லை.

பினாங்குத் துறையில் மருதையன் நின்றான். முடி நரைத்து, அப்பா சாயலாகவே ஆகியிருந்தான். அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதான். அழுகை ஓய்ந்ததும் டிக்கெட்டைப் பார்த்தான், பார்த்ததும் கோபம் வந்துவிட்டது.

"கேபினா? முந்நூத்தி நாப்பதா? அந்தக் காசுல வீட்டுக்கு ஓடு போட்டிருக்கலாமே அக்கா! அப்படி என்னதான் இருந்துச்சு அதுல?"

"மெத்தை இருந்துச்சு, முதுகப் புடிச்சிக்கிச்சு. காத்தாடி இருந்துச்சு, காதக் கொடஞ்சுது. சாப்பாட்டுல உப்பே இல்ல."

"பின்ன?"

"எறங்குடின்னு சொன்னாங்க தம்பி. எறங்கல."

மருதையன் அவளுடைய தோளைப் பார்த்தான். கடிதத்தில் இத்தனை வருஷமாக அவள் எழுதச் சொல்லாத சங்கதி அது. அங்கேயே பெட்டிமேல் உட்காரவைத்து முழுக்கக் கேட்டான்.

கல்யாணம் முடிந்து, புரட்டாசி நடவுக்கு முன் ஊர் திரும்ப வேண்டும் என்று காத்தாயி பரபரத்தாள். மருதையன் கேபினுக்கே பணத்தை எடுத்து நீட்டினான். அக்கா இனி ராணி மாதிரிதான் போகவேண்டும் என்றான். அவள் நோட்டை எண்ணி, டெக்குக்கு வேண்டியதை மட்டும் அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள், மிச்சத்தைச் சுருக்குப்பையில் போட்டு இறுக்கினாள்.

"டெக்குக்கே வாங்கு. இந்த மிச்சத்துல ஓடு போட்டுக்கறேன். அந்தக் கட்டில்ல எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், அத நான் வாங்கிட்டேன்."